பட்டம் தராத பள்ளிக்கு டைரக்டர்! பாரிஸ் என்ஜினீயர் புதுவையில் ‘பவித்ரா’ ஆன கதை

புதுச்சேரி:

சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் பியூன் வேலைக்குக் கூட மனு போட முடியாது.

ஆனால் புதுவை அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையத்தில் குழந்தை வகுப்பு முதல் கல்லூரிப் படிப்பு வரை படித்து முடித்தாலும் பட்டம் கிடையாது. டிப்ளமாவும் கிடையாது.

இந்த மையத்துக்கு டைரக்டராக இருந்தவர் சும்மா ஆள் இல்லை. பிரான்சு நாட்டின் பெரிய என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்!

அவர் பெயர் பிலிப் பார்பியே சேன்த் இலேர். புதுவைக்காரர்களுக்கு அவர் ‘பவித்ரா’.

பீரங்கிப் படையில்

1894–ம் ஆண்டு ஜனவரி 16–ந்தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். ‘எக்கோல் பொலிடெக்னிக்’ கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே இடம் கிடைத்தால் சர்க்கார் வேலை கிடைத்த மாதிரிதான்.

1914–ல் உலகப் போர் மூண்டது. புத்தகத்தை வைத்துவிட்டு பீரங்கிப் படையில் அதிகாரியானார். போர் முடிந்ததும் படிப்பை முடித்தார். பாரிசில் அரசாங்க என்ஜினீயர் ஆனார்.

நல்ல சம்பளம், நிரந்தர வேலை. ஆனால் மனசு நிற்கவில்லை. 1920–ல் வேலையை உதறிவிட்டு ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

நாலு வருஷம் ஜப்பானில். பிறகு லாமா ஒருவருடன் மங்கோலியா போனார். அங்கிருந்து இந்தியா. 1925 டிசம்பரில் புதுவை வந்து சேர்ந்தார். அப்போது வயது 31.

காரும் ஓட்டினார்

அரவிந்தர் அவருக்கு ‘பவித்ரா’ என்று பெயர் வைத்தார். தூய்மை என்று அர்த்தம்.

பாரிசில் பைல் பார்த்தவர் இங்கே ஸ்பேனர் பிடித்தார். ஆசிரமப் பட்டறை அவர் பொறுப்பு. அன்னை வெளியே போனால் காரையும் அவரே ஓட்டினார்.

இரண்டாவது உலகப் போரின்போது பல குடும்பங்கள் ஆசிரமத்துக்குக் குடிவந்தன. அந்தக் குழந்தைகளுக்காக 1943 டிசம்பர் 2–ந்தேதி சுமார் 20 பேருடன் பள்ளி தொடங்கியது.

1950–ல் அரவிந்தர் காலமானார். அவர் நினைவாகப் பல்கலைக்கழக மையம் அமைக்க 1951 ஏப்ரல் 24–ந்தேதி கடற்கரை டென்னிஸ் மைதானத்தில் மாநாடு கூடியது. சியாமா பிரசாத் முகர்ஜி தலைமை வகித்தார். 1952 ஜனவரி 6–ந்தேதி அன்னை மையத்தைத் திறந்துவைத்தார். அப்போது புதுவையில் பிரெஞ்சு ஆட்சிதான்.

டைரக்டர் பொறுப்பு பவித்ராவுக்கு வந்தது.

பெற்றோர் கவலை

பட்டம் இல்லாமல் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? எந்தப் பெற்றோரும் கேட்கிற கேள்விதான்.

பவித்ரா அசரவில்லை. பரீட்சைக்காகப் படிப்பதைவிட பிள்ளை தன் ஆர்வப்படி, தன் வேகத்தில் படிக்க வேண்டும். வாத்தியார் கூட இருந்து வழிகாட்ட வேண்டும். ‘சுதந்திர முன்னேற்றம்’ என்ற இந்த முறைதான் அங்கே நடைமுறைக்கு வந்தது. கல்வியின் நோக்கம் பற்றி அவர் 1961–ல் புத்தகமே வெளியிட்டார்.

பட்டம் வேலை வாங்கித் தரும். தேடியதைத் தராது. பாரிசில் கைநிறையச் சம்பாதித்த வேலையை விட்டு வந்தவருக்கு அது சொந்த அனுபவம்.

1969 மே 16–ந்தேதி புதுவையிலேயே காலமானார். வயது 75. அதில் 43 வருஷம் இந்த ஊரில் கழிந்தது.

அவர் பொறுப்பில் வளர்ந்த மையம் இன்றும் நடக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள், படிக்கிறார்கள். பட்டம் மட்டும் இன்றுவரை கிடையாது!