பெயர் சூட்டிய பேராசிரியர்

குழந்தை பிறந்ததும் என்ன பெயர் வைப்பது என்று வீட்டிலுள்ளோர் எத்தனை நாள் கூடிப் பேசுகின்றனர்! திருமுழுக்கின்போது புனிதர் ஒருவரின் பெயரைத் தேர்ந்து சூட்டுகிறோம். ஆனால் கதை எழுத உட்கார்ந்தால், வாயில் வந்த பெயரைக் கதைமாந்தருக்கு வைத்துவிடுகிறோம். கற்பனையில் பிறந்த குள்ள வீரர்களுக்குக் கூடத் தந்தையின் அக்கறையோடு பெயர் தேடியவர் ஒருவர் உண்டு. அவரே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரொனால்ட் ரூவல் டோல்கீன்.

அன்னை தந்த செல்வம்

டோல்கீன் 1892ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபான்டீன் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஒரு வங்கியின் மேலாளர். சிறுவனுக்கு மூன்று வயதாயிருக்கையில் தாய் மேபல், அவனையும் தம்பி ஹிலரியையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து வந்தார். பின்னர் வந்து சேர்வதாயிருந்த தந்தை, 1896இல் அங்கேயே நோயுற்று மறைந்தார்.

பர்மிங்காம் நகருக்கு அருகே சேர்ஹோல் என்னும் சிற்றூரில் தாயும் மைந்தரும் எளிய வாழ்வு நடத்தினர். மேபலே மகனுக்கு இலத்தீன் மொழியையும் செடிகொடிகளின் இயல்பையும் கற்பித்தார். 1900இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் சினங்கொண்ட உறவினர் பண உதவியை நிறுத்தினர். வறுமை வாட்டியபோதும் அவர் தம் விசுவாசத்தைக் கைவிடவில்லை. 1904இல் நீரிழிவு நோய் அவர் உயிரைக் கவர்ந்தது. இன்சுலின் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அன்னைக்கு அப்போது வயது 34, மகனுக்கு 12. தம் தாய் விசுவாசத்திற்காக உயிரீந்தவர் என்றே டோல்கீன் இறுதிவரை கருதினார்.

அனாதைகளான சிறுவர் இருவரையும் பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த குருவானவர் பிரான்சிஸ் மார்கன் தம் பொறுப்பில் ஏற்று, சொந்தப் பணத்தையும் செலவிட்டுப் படிக்க வைத்தார்.

மொழிகளின் காதலர்

கிரேக்கம், பழைய ஆங்கிலம், கோதிக், பழைய நார்ஸ் எனப் பள்ளிப் பருவத்திலேயே டோல்கீன் மொழிகளை நாடிச் சென்றார். உறவுச் சிறுமியோடு சேர்ந்து புது மொழியொன்றை ஆக்கி விளையாடினார். 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து, 1915இல் ஆங்கிலத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1916இல் எடித் பிராட் என்னும் நங்கையை மணந்தார். அதே ஆண்டு பிரான்சில் சோம் போர்க்களத்திற்குச் சென்றார். பள்ளித் தோழர் இருவர் அவ்வாண்டிலேயே போரில் மடிந்தனர். டோல்கீன் பதுங்குகுழிக் காய்ச்சலோடு நாடு திரும்பினார்.

போருக்குப்பின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் பணியாற்றிச் சொற்களின் பிறப்பையும் வளர்ப்பையும் ஆராய்ந்தார். 1925இல் ஆக்ஸ்ஃபோர்டிலேயே பேராசிரியரானார். ஒருநாள் தேர்வுத் தாள்களைத் திருத்துகையில், மாணவர் ஒருவர் எழுதாமல் விட்டிருந்த பக்கம் கண்ணில் பட்டது. அதில் தம்மை அறியாமலே ஹாபிட் என்னும் புதுப்பெயரை எழுதினார். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தேடப்போய்க் கதை பிறந்தது. அதுவே 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' என்னும் நூல்.

குள்ளர் பதின்மூவர்

அந்நூலில் பறவை நாகம் ஒன்று கவர்ந்துகொண்ட தம் முன்னோரின் செல்வத்தை மீட்கப் பதின்மூன்று குள்ள வீரர் புறப்படுகின்றனர். தோரின், டுவாலின், பாலின், ஃபீலி, கீலி, டோரி, நோரி, ஓரி, ஓயின், குளோயின், பிஃபர், போஃபர், பாம்பர் என்பன அவர்கள் பெயர்கள். இவை வெறும் ஓசைகள் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட 'வோலுஸ்பா' என்னும் பழம்பாடலில் குள்ளர் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. அதே நூற்றாண்டில் ஸ்னோரி என்னும் அறிஞர் எழுதிய உரைநடை நூலிலும் அப்பட்டியல் இடம்பெற்றது. பாலின் ஒருவரைத் தவிர மற்றவர் பெயர்களெல்லாம் இவற்றிலிருந்தே எடுக்கப்பட்டன.

பட்டியலில் பெயர்கள் மட்டுமே இருந்தன. பெரும்பாலானவற்றுக்குக் கதை இல்லை. டோல்கீன் ஒவ்வொரு பெயரின் பொருளையும் தோண்டிப் பார்த்தார். தோரின் என்றால் துணிவுள்ளவன், அவனே தலைவனானான். ஓக் மரக் கேடயத்தான் என்று பொருள்படும் மற்றொரு குள்ளனின் பெயர், தோரினுக்குப் பட்டப்பெயராயிற்று. போரில் கேடயம் உடைந்தபோது அவன் ஓக் மரக் கிளையொன்றைக் கேடயமாய் ஏந்தினான் என்று பின்னாளில் அதற்குக் கதையும் எழுதினார். காண்டால்ஃப் என்னும் பெயரும் அதே பட்டியலில் உள்ளதே. முதற்படியில் அதைக் குள்ளர் தலைவனுக்கே வைத்திருந்தார். ஆனால் அதன் முதற்பகுதி மந்திரக்கோலைக் குறிக்கும். ஆகவே கோலூன்றி வரும் மந்திரவாதிக் கிழவருக்கே அதை மாற்றிக் கொடுத்தார்.

ஓசையிலும் ஓர் ஒழுங்கைக் காத்தார். ஃபீலி, கீலி என்னும் உடன்பிறந்தார் பெயர்களில் எதுகை ஒலிக்கிறது. துரோர், துராயின், தோரின் என்று பாட்டன், தந்தை, மகன் பெயர்களில் மோனை அமைகிறது. பெயரைக் கேட்டாலே உறவு புலப்படுகிறதல்லவா?

மறைவான பெயர்

1954, 1955ஆம் ஆண்டுகளில் 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பகுதிகளாக வெளிவந்தது. தம் கற்பனை உலகில் நார்ஸ் பெயர்கள் எப்படி வந்தன என்பதற்கு அதில் அழகியதொரு விடை தந்தார். அவை அண்டை மனிதரின் மொழியில் குள்ளர் வைத்துக்கொண்ட புறப்பெயர்கள். அவர்களின் உண்மைப் பெயர்களோ சொந்த மொழியில் அமைந்தவை. அயலாருக்கு ஒருபோதும் சொல்லப்படாதவை. கல்லறைக் கல்லிலும் பொறிக்கப்படாதவை. எபிரேயம் போன்ற மொழிகளில் உள்ளவாறே, மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டு அம்மொழியையும் உருவாக்கினார்.

குள்ளர் பெண்களுள் ஒருத்திக்கு மட்டுமே டோல்கீன் பெயர் தந்தார். தோரினின் தங்கையும், ஃபீலி, கீலி ஆகியோரின் தாயுமான டீஸ் அவள். பழைய நார்ஸ் மொழியில் அச்சொல் தெய்வத்தன்மை வாய்ந்த பெண்மணியைக் குறிக்கும்.

குள்ளர் இனத்தின் பிறப்பைக் கூறும் கதை, அவர் மறைவுக்குப்பின் 1977இல் வெளிவந்த 'சில்மரிலியன்' நூலில் உள்ளது. ஆவுலே என்னும் விண்ணகக் கைவினைஞன், கற்பிக்க மாணவர் வேண்டுமென்ற ஆவலால், படைத்தவரின் அனுமதியின்றிக் குள்ளரின் முன்னோர் எழுவரை உருவாக்கினான். தவற்றை உணர்ந்ததும் அழுதுகொண்டே அவர்களை அழிக்கச் சம்மட்டியை ஓங்கினான். படைத்தவரோ அந்தப் பணிவைக் கண்டு அவர்களைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார். மனிதனின் கைவேலையும் இறைவனிடம் ஒப்படைக்கப்படும்போதே உயிர் பெறுகிறது என்னும் உண்மை இதில் ஒளிர்கிறது.

இறுதி நாட்கள்

டோல்கீனின் நான்கு மக்களுள் மூத்தவர் ஜான் குருவானார். 1966இல் வெளியான எருசலேம் விவிலியத்தின் ஆங்கிலப் பதிப்பில் யோனா நூலின் மொழிபெயர்ப்பில் டோல்கீனுக்குப் பங்குண்டு. எடித் 1971இல் மறைந்தார். டோல்கீன் 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், தம் 81ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதிலும் பின்வந்த விளையாட்டுகளிலும் குள்ள வீரருக்குப் பெயரிடுவோர் பலர் அவர் வகுத்த வழியையே பின்பற்றினர்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருவரும் துயிலும் கல்லறையில், எடித்தின் பெயரோடு லூத்தியன் என்றும், டோல்கீனின் பெயரோடு பெரன் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. அவை அவர் கதையில் வரும் காதலர் இருவரின் பெயர்கள்.

அன்புத் தோழியரே! அடுத்த முறை நீங்கள் கதை எழுதும்போது, பெயரை அவசரத்தில் வைத்துவிடாதீர்கள். அதன் பொருளைத் தேடுங்கள். ஓசையைக் காதால் கேளுங்கள். அது யாருக்குப் பொருந்தும் என்று எண்ணுங்கள். வறுமையிலும் மகனருகே அமர்ந்து இலத்தீன் சொற்களை ஒவ்வொன்றாய்க் கற்பித்த ஒரு தாயின் உழைப்பே பின்னாளில் ஓர் உலகமாய் விரிந்தது. நம் வீட்டிலும் நம் பள்ளியிலும் நமக்குச் சொல் தந்தவர்களை நன்றியோடு நினைப்போம்.