உழுது இழந்த புல்வெளியை மீட்க முனைந்த ஆல்டோ லியோபோல்ட்



புல் மட்டும் வளரும் நிலத்தைத் தரிசு என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் புல் மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை உணர்ந்த ஓர் அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆல்டோ லியோபோல்ட் 1887-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தார். வனத்துறையில் பணியாற்றிய பின், 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்பகுதியில் முன்பு 'பிரெய்ரி' என்னும் இயற்கைப் புல்வெளிகள் பரந்து கிடந்தன. புல் ஆளுயரம் வளரும். வேர் ஆறடிக்கும் கீழே இறங்கும். அந்த வேர்கள் மடிந்து மக்கியதால்தான் அங்கே கரிய, வளமான மண் உண்டானது. கலப்பை வந்தபின் புல்வெளி அநேகமாக அழிந்துபோனது.

மேடிசன் நகரில் பல்கலைக்கழகத்தின் நிலத்தில், பழைய பண்ணை இருந்த இடத்தில், அதை மீண்டும் உருவாக்க அவரும் சக விஞ்ஞானிகளும் முனைந்தனர். அரசு வேலைத் திட்டத்தில் வந்த இளைஞர்கள், புல்லை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து நட்டார்கள். விதை சேகரித்துத் தூவினார்கள். ஆனால் அயல்நாட்டுப் புல் அடங்கவில்லை. பருவம் பார்த்து, கட்டுப்பாட்டுடன் தீ வைத்தால் அது குறைந்து நாட்டுப்புல் தழைக்கிறது என்பது 1940-களின் ஆய்வில் தெரிந்தது. (இதைப் படித்துவிட்டு உங்கள் வயலில் தீ வைக்காதீர்கள். அது அந்தப் புல்லுக்கு, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் முறை.)

லியோபோல்ட் 1935-ல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் வளம் இழந்த ஒரு பண்ணையையும் வாங்கினார். விடுமுறை நாட்களில் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் அவருடன் சேர்ந்து பைன் கன்றும் புல்வெளிச் செடிகளும் நட்டனர். 1936 வறட்சியில் கன்றுகளில் பெரும்பாலானவை கருகின. மறு ஆண்டு மீண்டும் நட்டார்கள்.

1948 ஏப்ரல் 21 அன்று பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பற்றியது. அணைக்கச் சென்ற இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். வயது 61. அவருடைய 'ஏ சாண்ட் கவுண்டி அல்மனாக்' நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது.

மேடிசன் புல்வெளியில் இன்றும் தன்னார்வலர்கள் கூலி வாங்காமல் விதை சேகரிக்கிறார்கள், களை பிடுங்குகிறார்கள். உழுது அழிக்க ஒரு பருவம் போதும். மீட்கும் வேலையோ 80 ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. எனவே புல் நிலத்தில் ஏர் பூட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள்.