கட்டியும் கற்பித்தும் வாழ்ந்த கிளாட் பாட்லி

மொரப்பூர் ரயிலடியிலிருந்து ஊருக்குள் நடப்போர் இன்று காண்பது பெரும்பாலும் திண்ணையற்ற வீடுகளையே. ஓடு போய்க் கான்கிரீட் தளம் வந்தது, முற்றமும் போயிற்று. சித்திரை வெயிலில் தளம் ஏற்ற உஷ்ணம் இரவெல்லாம் வீட்டினுள் இறங்குகிறது. இவ்வீடுகளுக்குப் படம் போட்டவர்கள் எதைப் பயின்றனர் என்று நினைக்கும்போதெல்லாம், 1956-ல் காலமான கிளாட் பாட்லியின் ஞாபகம் நமக்கு வருகிறது.

இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரில் 1879-ல் பிறந்த அவர், 1913-ல் இந்தியாவுக்கு வந்தார். கிரெக்ஸன், பாட்லி அண்டு கிங் என்ற கம்பெனியின் பங்காளியாகப் பம்பாயில் தொழில் நடத்தினார். 1930-ல் திறக்கப்பெற்ற பம்பாய் சென்ட்ரல் ஸ்டேஷன் அவர் வகுத்ததே. தொழிலோடு நில்லாமல், ஜே. ஜே. கலைப் பள்ளியில் 1923 முதல் 1943 வரை கட்டிடக் கலைப் பேராசிரியராகவும் இருந்தார்.

கிரேக்கத் தூண்களையும் ரோமாபுரி வளைவுகளையும் பிரதி செய்வதே படிப்பென்று பலர் எண்ணிய காலம் அது. பாட்லியோ மாணவர்களை அளவுநாடாவும் கையுமாக நம் நாட்டுப் பழங் கட்டிடங்களுக்கு அனுப்பினார். தூணின் பருமன், சாளரத்தின் அகலம், தாழ்வாரத்தின் ஆழம் யாவற்றையும் அளந்து வரைய வேண்டும். இந்தியக் கட்டிடக் கலை பற்றி அவர் 1934-ல் வெளியிட்ட நூலிலும் வரைபடங்களே பேசுகின்றன. நம் தாழ்வாரத்தின் அருமையை நமக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆங்கிலேயர் வரவேண்டியிருந்தது! அவரிடம் பயின்ற அச்யுத் கான்விந்தேதான் பிற்காலத்தில் கான்பூர் ஐ.ஐ.டி. கட்டிடங்களை வகுத்தார்.

பாட்லி கட்டிய வீடுகளுள் பலரும் அறிந்தது, மலபார் குன்றில் 1936-ல் ஜனாப் ஜின்னாவுக்காக அமைத்தது. 1944 செப்டம்பரில் மகாத்மா காந்தி நாள்தோறும் சென்று ஜின்னாவுடன் பேசியது அவ்வீட்டில்தான். பேச்சு முறிந்தது, மூன்றாண்டில் தேசம் பிரிந்தது, வீடும் பின்னர் வழக்கில் சிக்கியது. அதன் ஐரோப்பியச் சாயலும் இத்தாலியப் பளிங்கும் பாட்லியின் போதனைக்கு முற்றும் இசைந்தவையல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. கட்சிக்காரரின் விருப்பம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது வக்கீல் தொழில் செய்த நமக்குத் தெரியாததல்ல. வகுப்பறையில் மட்டும் அவரை அவ்விதம் இழுப்பார் யாருமில்லை.

தருமபுரிக்கு அருகே செட்டிக்கரையில் அரசினர் பொறியியல் கல்லூரி 2013 முதல் நடைபெறுகிறது. மொரப்பூர்ப் பக்கத்தில் எஞ்சியுள்ள ஓட்டு வீடுகளை, அவை இடிபடுமுன், அங்குள்ள மாணவர்கள் அளந்து வரைந்து வைக்கலாம். ஒரு கோடை விடுமுறை அதற்குப் போதும்.