உதகைப் பூங்காவைக் கண்ட மெக்கைவர்

கோடை விடுமுறையில் கொச்சியின் வெக்கை தாளாது மலையேறும் நம்மவர்களுள், உதகை மலர்க் காட்சியைக் காணாது மீள்வோர் மிகச் சிலரே. எறணாகுளத்தில் ஆண்டிறுதியை ஒட்டி நடைபெறும் மலர்க் காட்சியைக் கண்டு பழகிய கண்களுக்கும் உதகையின் காட்சி புதுமையாகவே தோன்றும். 1896-ஆம் ஆண்டில் தொடங்கிய அது, நோய்த்தொற்றுக் காலமான 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தடைப்பட்டதேனும், மீண்டும் மே மாதந்தோறும் நடைபெற்று வருகிறது. ஆயினும், அம்மலர்கள் நிற்கும் நிலத்தைப் பண்படுத்தியவர் யாரென எண்ணுவோர் அரியர். அவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர். காட்சி தொடங்குவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே மறைந்தவர்.

ஸ்காத்லாந்து நாட்டில் பிறந்த மெக்கைவர், இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் தொழில் பயின்றார். கல்லிலும் மரப்பட்டையிலும் படரும் பாசியினச் செடிகளில் அவருக்கு இளமையிலேயே ஈடுபாடு மிகுதி. பிரிட்டனின் ஈரற்பாசிகளைத் திரட்டி 1847-இல் ஒரு சிறு தொகுப்பும் வெளியிட்டார். பிறர் மிதித்துச் செல்லும் பாசியைக் குனிந்து நோக்கிய அக்கண்ணே பின்னர் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

உதகையில் முதலில் எழுந்தது பூந்தோட்டமன்று, காய்கறித் தோட்டமே. அங்குக் குடியிருந்த ஐரோப்பியர் குடும்பத்திற்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, காய்கறி பெறும் நோக்கத்துடன் 1845-இல் ஒரு தோட்டம் தொடங்கினர். அது நெடுநாள் நிலைக்கவில்லை. சென்னைக் கவர்னர் ட்வீடேல் பிரபுவின் ஆதரவால் முறையான பூங்கா ஒன்றினை அமைக்கும் முயற்சி எழுந்தது. அதனை நடத்த 1848-இல் கியூவிலிருந்து வரவழைக்கப்பட்டவரே மெக்கைவர்.

அவர் கைக்கு வந்தது தொட்டபெட்டா மலைச் சரிவில் ஒரு துண்டு நிலம். மேற்புறம் காடும் பள்ளமும், கீழ்ப்புறம் சதுப்பு. நீரை வடித்து, சரிவைப் படிப்படியாக வெட்டி, பாதையிட்டு, புல்தரை பரப்பி முடிக்கப் பத்தாண்டுகள் சென்றன. இன்று 55 ஏக்கர் அளவில் விளங்கும் அப்பூங்காவின் அழகெல்லாம் அப்படிகளின் மேல் அமைந்ததே. மண்ணை வெட்டிச் சுமந்த கூலியாட்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

மெக்கைவரின் வாழ்வில் பெரிய சோதனை 1860-இல் வந்தது. அந்நாளில் மலைக்காய்ச்சல் இந்நாட்டில் எண்ணற்றோரைக் கொன்றது. அதற்கு மருந்தாகிய கொய்னா, தென் அமெரிக்க மலைகளில் வளரும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. விலையோ மிக அதிகம். கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பார் அம்மரக் கன்றுகளைக் கடல் கடந்து கொண்டுவந்தார். அவை யாவும் பட்டுப்போயின. மறு ஆண்டு வேறொரு வழியாக வந்த கன்றுகள் மெக்கைவரின் கையில் பிழைத்தன. தளிரையும் கிளையையும் துண்டாக்கி நட்டு, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கான மரங்களை உண்டாக்கினார்.

பட்டையை உரித்தால் மரம் மடியும். மரத்தை வெட்டினால் மீண்டும் நட்டுக் காத்திருக்க வேண்டும். மெக்கைவர் நடுவழி ஒன்று கண்டார். பட்டையை நீள நீளக் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் கட்டி மூடினார். காயத்திற்குக் கட்டுப் போடுவது போன்றதே இம்முறை. பாசியின் கீழ் புதுப்பட்டை வளர்ந்தது. மருந்துச் சத்தும் அதில் மிகுந்திருந்தது. இளமையில் பாசி திரட்டியவர்க்கு இது தோன்றியதில் வியப்பில்லை.

நடுவட்டத் தோட்ட வேலைக்குச் சிறைக் கைதிகளும் அமர்த்தப்பட்டனர். மலேயாக் கடற்கரைக் குடியேற்றங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட சீனரும் அவர்களுள் இருந்தனர். விடுதலைக்குப் பின் அவர்களிற் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு அம்மலையிலேயே வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எட்கர் தர்ஸ்டன் அக்குடும்பங்களைக் கண்டு எழுதி வைத்துள்ளார். பிழைப்பிற்காக ஊர் விட்டு வந்த நமக்கு, விலங்குடன் கொண்டுவரப்பட்ட அம்மனிதரின் வாழ்வு மெக்கைவரின் வாழ்வினும் நெஞ்சை நெருடும்.

இத்தனை உழைப்பிற்குப் பின்னும் நீலகிரிப் பட்டை உலகச் சந்தையில் நிலைக்கவில்லை. சத்து மிகுந்த வேறோர் இனத்தின் விதைகளைப் பெற்று ஜாவாவில் பயிரிட்ட டச்சுக்காரர் முந்திக்கொண்டனர். ஒரு காலத்தில் நம் கொச்சிக் கோட்டையைக் கைக்கொண்டு, மட்டாஞ்சேரி அரண்மனையைப் புதுப்பித்த அதே டச்சுக்காரர்தாம்! ஆயினும் இந்நாட்டுக் காய்ச்சற்காரர் பலரின் உயிர் காத்த மருந்தில் நீலகிரி மரங்களுக்கும் பங்குண்டு.

1876-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெக்கைவர் உதகையிலேயே காலமானார். திப்புவின் சீரங்கப்பட்டண அரண்மனை மரங்களைக் கொண்டு எழுப்பப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மலர்க் காட்சி காணச் செல்லும் அன்பர்கள் அவ்வாலயத்திற்கும் சென்று வரலாம். பூங்காவினுள் மேற்கோடி வரை ஏறினால் தோடர்களின் மந்து ஒன்றையும் காணலாம். காய்கறித் தோட்டத்திற்கும் மெக்கைவருக்கும் முன்னரே அம்மலையில் எருமை மேய்த்து வாழ்ந்தவர் அவர்கள்.