மரத்தால் ஒரு அரண்மனை... யார் இந்த மார்த்தாண்ட வர்மா? செங்கோட்டைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

சுரண்டையில இருந்து தென்காசி வழியா செங்கோட்டைக்குள்ள நுழைஞ்சா, சங்கு முத்திரையோடு ஒரு பழைய வளைவு நிற்கும். அது திருவிதாங்கூர் அரச முத்திரை. கொட்டாரக்கரையை ஆண்ட இளையிடத்து சொரூபத்தைப் பிடித்தபோது, அதன் கீழ் இருந்த செங்கோட்டையையும் சேர்த்துக்கொண்டவர் மார்த்தாண்ட வர்மா. தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் மர அரண்மனையை விரிவாக்கிக் கட்டியவரும் இவர்தான்.

1706-ல் பிறந்தவர். வேணாட்டில் அப்போது மருமக்கள் தாயம். அதாவது, ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரி மகனுக்குத்தான். 1729-ல் மாமா ராம வர்மாவுக்குப் பிறகு இவர் பட்டத்துக்கு வர, மாமாவின் மகன்களான தம்பிமார் எதிர்த்தனர். எட்டுவீட்டில் பிள்ளைமாரும் அவர்கள் பக்கம். இளவரசராக இருந்தபோதே இவரைக் கொல்லத் துரத்தினார்களாம். நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரப் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

அதிகாரம் கைக்கு வந்ததும் அவர் இரக்கம் காட்டவில்லை. தம்பிமார் கொல்லப்பட்டனர். பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மக்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அவரது வீரத்தைப் பேசுபவர்கள் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1741-ல் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்தார். சரணடைந்த டிலனாயைக் கொல்லாமல், தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார். டிலனாயின் கல்லறை இப்போதும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

சரி, அரண்மனைக்கு வருவோம். 1601-ல் இரவி வர்மா குலசேகரப் பெருமாள் தொடங்கியது இது. அப்போது ஊர் பெயர் கல்குளம். மார்த்தாண்ட வர்மா காலத்தில்தான் பத்மநாபபுரம் ஆனது. கருங்கல் கோட்டைக்குள் சுமார் ஆறரை ஏக்கரில் தேக்கு, பலா, ஈட்டி மர வேலைப்பாடு. அடைமழைக்கு ஏற்ற சாய்வான ஓட்டுக்கூரை. வெயிலைத் தடுத்து காற்றை மட்டும் விடும் மரச்சட்ட ஜன்னல்கள். பூமுகத்தின் மேற்கூரையில் 90 வகை பூக்கள், ஒன்று போல இன்னொன்று இல்லை. தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலா மரத்தில் செதுக்கிய தூண் இருக்கு, அதை விட்டுடாதீங்க. கண்ணாடி மாதிரி மின்னும் கருந்தரை, தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து போட்டது என்கிறார்கள்.

1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, சாமியின் தாசனாக ஆண்டார். உப்பரிகை மாளிகையின் மேல்தளம்கூட சாமிக்குத்தான். 1758-ல் இறந்தார். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது.

1956 நவம்பர் 1-ல் கல்குளமும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஆனா அரண்மனை மட்டும் இன்னும் கேரளத் தொல்லியல் துறை கையில்தான். திங்கட்கிழமை விடுமுறை. பார்த்துட்டு கிளம்புங்க.