கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்

கொங்குநாட்டிற் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று காவிரிக் கரையிலுள்ள திருப்பாண்டிக் கொடுமுடி. அத்தலத்தில் 1908-ஆம் ஆண்டிற் பிறந்து, தம் ஊரின் பெயரையே தம் பெயராக நாடெங்கும் வழங்கச் செய்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். அம்மையார் எக்குலத்தவர் என்று நம் சங்கத்து அன்பர் சிலர் வினவுதல் கூடும். திங்கள்தோறும் நம்மவர் புகழையே இவ்விதழ் பெரிதும் கூறி வருதலின் அவ்வினா இயல்பே. எனினும், விடியுமளவும் கண்துஞ்சாது கொட்டகையில் அமர்ந்து அவர் பாட்டைக் கேட்ட மக்கள் குலம் பார்த்துக் கைதட்டினாரல்லர். ஆதலின் யாமும் அதனை விடுத்து மேற்செல்கின்றோம்.

அம்மையாரின் தாயார் பாலாம்பாள். கே. பி. என்னும் தலைப்பெழுத்துக்களில் முன்னது ஊர், பின்னது அன்னை. இளமையில் அக்குடும்பத்தை வறுமை பெரிதும் வாட்டிற்று. புகைவண்டியிற் பாடிப் பொருள் பெற்ற அச்சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தவர், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அதிகாரியாகவும் நாடகப் பற்றாளராகவும் விளங்கிய எப். ஜி. நடேச ஐயர். அவர் வழியே அம்மையார்க்கு நாடகமேடை அறிமுகமாயிற்று. பத்து வயதளவிலேயே வேலு நாயர் குழுவிற் சேர்ந்து சிறுபிள்ளை வேடங்கள் புனைந்தார்.

அவ்வேடங்களுள் ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் வரும் மூத்த பிள்ளை வேடம். பஞ்சத்தால் ஊர்விட்டு வந்து, தமையன் மனைவியால் இகழப்பட்டு, ஏழு மக்களையும் கிணற்றிலிட்டுத் தானும் வீழ்ந்தாள் ஒருத்தியின் கதை அது. பசியால் அழும் அப்பிள்ளை வேடத்திற் பாடிய சிறுமியோ பசியை வீட்டில் உள்ளபடியே அறிந்தவள். பிறர்க்குப் பயிற்றுவித்து வருவிக்க வேண்டிய குழைவு அவளுக்கு இயற்கையாயிருந்தது. அவையோர் கண்ணீர் உகுத்தனர் என்று அக்கால நாடகத்தார் கூறியதில் வியப்பொன்றும் இல்லை.

இக்காலத்துப் பிள்ளைகட்கு ஒன்று கூறல் வேண்டும். அந்நாளில் ஒலிபெருக்கி மேடைக்கு வரவில்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, ஆயிரக்கணக்கானோர் நிறைந்த கீற்றுக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் இருப்பவன் செவிக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி இரவு முழுதும் பாடல் வேண்டும். உச்சத்திற் பாடும்போதும் எழுத்துச் சிதையாமை அம்மையாரின் தனிச்சிறப்பு. லகர ளகர ழகர வேறுபாட்டைப் பிள்ளைகட்குக் கற்பிக்க முயன்று களைத்த தமிழாசிரியர் எவரும் அம்மையாரின் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டு இளைப்பாறலாம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் முதலிய நாடகங்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஓங்கி நடந்த காலம் அது. கொழும்பில் அம்மையார் பெரும்புகழ் பெற்றிருந்தபோது, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அங்குச் சென்றார். இவ்வம்மையார் எதிரே நின்று பாடுதல் அரிது என்று சிலர் அவரை அச்சுறுத்தினராம். ஆயினும் இருவரும் வேலனும் வள்ளியுமாக மேடையேறினர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினர், பாட்டுப் போட்டி நட்பாயிற்று, நட்புக் காதலாயிற்று. 1927-இல் மணம் நிகழ்ந்தது.

கிட்டப்பா முன்னரே மனைவியுடையார். அந்தண மரபினரான அவர் வேற்றுக் குலத்து நாடகப்பெண்ணை மணந்தமை அந்நாளில் எளிதிற் பொறுக்கப்பட்ட செயலன்று. அதன் சுமை எவர் தோளில் ஏறிற்று என்பதற்கு அம்மையார் தம் கணவர்க்கு வரைந்த கடிதங்களே சான்று. அவற்றில் ஊடலும் உண்டு. கைவிடப்பட்டாளின் குமுறலும் உண்டு. அவர் உடல்நலங் கருதிய கவலையும் உண்டு. மேடையில் மாலை சூட்டிய உலகம் வீட்டில் அவர்க்கு உரிய இடம் வழங்கிற்றில்லை. இது கூறாது விடுத்துக் காதற் சிறப்பு மட்டும் பேசுதல் வரலாறு ஆகாது. மதுப்பழக்கமும் நோயும் நலிய, 1933-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் கிட்டப்பா இருபத்தெட்டாம் அகவையிலேயே மறைந்தார்.

அப்போது அம்மையார்க்கு வயது இருபத்தைந்து. வெள்ளாடையும் திருநீறும் பூண்டு, இனி ஆடவர் எவரோடும் சோடியாக நடிப்பதில்லை என உறுதி கொண்டு இறுதிவரை காத்தார். இவ்வுறுதியையே பலரும் முதற்கண் வைத்துப் புகழ்வர். எளியேன் கருத்து வேறு. துயருற்றுக் கொடுமுடியில் ஒடுங்கியிருந்தவர், வெறுங்கையோடும் கனத்த நெஞ்சோடும் மீண்டும் மேடையேறி, பிறர் தயவை நாடாது தம் தொழிலாலேயே வாழ்ந்தாரே, அதனையே யான் முற்பட வைப்பேன். சோடியின்றி நடிக்க வழி யாது? தாமே ஆடவர் வேடம் புனைந்தார், நந்தனார் ஆயினார்.

1935-இல் அந்நாடகக் கதை பேசும்படமாயிற்று. அதற்கென அம்மையார் பெற்ற ஊதியம் ஓரிலக்கம் உரூபாய் என்ப. அந்நாளில் ஆடவர்க்கும் அது கனவே. வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர் தோன்றினார். படத்தைக் கல்கி தம் வழக்கப்படி நையாண்டி செய்து எழுதினார். ஆயினும் அம்மையாரின் குரல் அதனாற் குறைவுற்றதில்லை.

நாட்டு விடுதலைப் பணியிலும் அம்மையார் பின்னிடவில்லை. கதர் உடுத்தார், தேசியப் பாடல்களை இசைத்தட்டுக்களிற் பாடினார், சத்தியமூர்த்தியாரோடு காங்கிரசு மேடைகளில் தோன்றித் தேர்தற் காலத்துக் கூட்டங்களை ஈர்த்தார். பிற்காலத்தில் சட்ட மேலவை உறுப்பினராகவும் வீற்றிருந்தார். நாடகக்காரி என்னும் சொல்லை வசையாக வழங்கிய நாட்டிலே இது நிகழ்ந்தது!

1940-இல் மணிமேகலை; 1953-இல் வாசன் எடுத்த ஒளவையார்; 1964-இல் பூம்புகாரிற் கவுந்தியடிகள்; 1965-இல் திருவிளையாடலில் மீண்டும் ஒளவை. இவ்வேடங்கள் யாவும் துறவும் முதுமையும் சார்ந்தனவே. நம் இல்லத்துச் சிறார் பலர்க்கு ஒளவைப்பிராட்டி என்றதும் உள்ளத்தே எழும் உருவம் சுந்தராம்பாளின் உருவமேயன்றோ? துணைவன் படத்துப் பாட்டுக்காக நாட்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் பரிசும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் எய்தினார்.

பொருள் வந்த காலத்தும் ஊரை மறவாது, கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கு எடுத்தார். ஒரு காலத்தில் பாடிக் காசு பெற்ற சிறுமியின் ஊரிலே, அவர் குரலைக் கேட்க மக்கள் காசு கொடுத்து நுழைந்தனர். 1980-ஆம் ஆண்டில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். முருகன் கோயில்களில் விழாக்காலத்து விடியலில் ஒலிக்கும் பாட்டுக்களில் அவர் குரல் இன்றும் உளது.