செல்வத்திலும் சிவனை மறவாத செம்மல்

பரீட்சை நெருங்கும் மாதத்திலே கோயில் வீதியில் மாணாக்கர் கூட்டம் பெருகுவதை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு சென்றவர்களே. கர்ப்பூரம் கொளுத்தினோம், தேங்காய் உடைத்தோம், நேர்த்திக்கடன் வைத்தோம். பெறுபேறு வந்த பின்னர் அதே வீதிக்குச் சென்று நன்றி செலுத்தியோர் எத்தனை பேர் என்று நம்மையே நாம் கேட்டால், தலை சற்றுக் குனியவே செய்யும். துன்பம் வந்துழி இறைவனைக் கூவியழைத்தல் எல்லார்க்கும் எளிது. வயிறு நிறைந்து, வீடு நிறைந்து, பேரும் புகழும் நிறைந்திருக்குங் காலத்தில் அவனை நினைத்தலே அரிது. அவ்வரிய செயலைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டிய ஒருவரின் சரிதத்தை இவ்விழா மலரில் எடுத்துரைத்தல் பொருத்தமென எண்ணுகின்றோம். அவரே சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

1851ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16ஆந் திகதி கொழும்பு மாநகரிலே அவர் பிறந்தார். தந்தையார் கேட் முதலியார் பொன்னம்பலம். தாயார் செல்லாச்சி அம்மையார். சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக வீற்றிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி அவருக்குத் தாய்மாமனார். பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக விளங்கிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவருக்கு இளையவர். வறுமை என்பதை அக்குடும்பம் அறியாது. செல்வமும் செல்வாக்கும் தொட்டிலிலேயே அவருக்குக் கிடைத்தன. இத்தகைய பிறப்பு ஒருவனை ஆண்டவனிடம் ஆற்றுப்படுத்துவதிலும் அவனை மறக்கச் செய்வதே உலகில் பெரும்பான்மை.

கொழும்பிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார். பின்னர்ச் சட்டங் கற்று, 1874ஆம் ஆண்டு நியாயதுரந்தரரானார். 1879இல் மாமனார் மறைய, அவரிருந்த சபை ஆசனத்துக்கு யாரை நியமிப்பது என்ற கேள்வி எழுந்தது. அப்போது நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் தமது வாழ்வின் இறுதி ஆண்டிலே, இந்த இளைஞரை ஆதரித்து நின்றார்கள். இருபத்தெட்டு வயதிலே இராமநாதன் சபையினுள் புகுந்தார். 1892இல் சொலிசிற்றர் ஜெனரல் பதவியேற்று, 1906வரை அதனை வகித்தார். இளமையிற் பதவி, நடுவயதில் உயர்பதவி, என்றும் குறையாத பொருள் எனப் பலரும் தவங்கிடந்து வேண்டுவன யாவும் வேண்டாமலே அவர் வாயிலில் வந்து நின்றன.

வேண்டுவதற்கு ஒன்றுமில்லாதவன் கோயிலுக்கு ஏன் செல்ல வேண்டும்? இக்கேள்விக்கு விடையாக அவர் வாழ்வு அமைந்தது. தஞ்சாவூரைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு, ஞான நூல்களை அவர் முறையே கற்றார். பகலிலே நீதிமன்றும் சபையும் அவரை அழைத்தன; எனினும் சாத்திர ஆராய்ச்சியை அவர் கைவிட்டாரல்லர். கிறித்தவ வேதத்திலும் ஆழ்ந்து, மத்தேயு, யோவான் என்பார் எழுதிய சுவிசேஷங்களுக்கு ஆங்கிலத்தில் விரிவுரை கண்டார். 1905ஆம், 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டிற் சுற்றுப்பயணஞ் செய்து ஆன்ம ஞானம் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். பகவத் கீதையைத் தமிழிற் பெயர்த்து உரையும் வகுத்தார். ஓய்வு என்பது பிறர்க்கு உறக்கமாயிருக்க, அவருக்கு அது வழிபாடாயிற்று.

நன்றி நெஞ்சிலே மட்டும் நிற்பதாயின் அது பாதி நன்றியே. அது கைக்கு இறங்கிச் செயலாதல் வேண்டும். இராமநாதன் அவர்களின் நன்றி கல்லாய் எழுந்து நிற்பதைக் காண விரும்புவோர் கொழும்பு கொச்சிக்கடைக்குச் செல்லலாம். அவருடைய தந்தையார் அங்கே 1856ஆம் ஆண்டளவில் ஒரு சிவாலயம் அமைத்திருந்தார். அரசாங்கப் பதவியினின்றும் நீங்கிய மறு ஆண்டாகிய 1907இல் அவ்வாலயத்தை முற்றுங் கருங்கல்லால் மீள அமைக்கும் திருப்பணியை மைந்தர் தொடங்கினார். ஐந்தாண்டுகள் வேலை நடந்தது. 1912இல் குடமுழுக்கு நிறைவேறியது. ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் சிவகாமசுந்தரி சமேதராய் எழுந்தருளியிருக்கும் அத்திருக்கோயிலின் தூண் ஒவ்வொன்றும், பெற்ற செல்வத்தைத் தந்தவனுக்கே திருப்பியளித்த ஒருவரின் சாட்சியாக நிற்கின்றது. உத்தியோக வாழ்வு முடிந்ததும் மாளிகையொன்று கட்டி மகிழ்ந்திருப்பார் பலர். அவர் தம் ஓய்வுக் காலத்தின் தொடக்கத்திலே ஆண்டவனுக்கு இல்லம் எடுத்தார்.

கோயிலோடு அவர் நிற்கவில்லை. சைவப் பெண்மக்கள் தங்கள் சமயச் சூழலிலே உயர்கல்வி பெறல் வேண்டுமென்று, யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு இராமநாதன் கல்லூரியைத் தொடக்கினார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவத்தைத் தழுவிய அவர் துணைவியார் இலீலாவதி அம்மையார் அக்கல்லூரிக்குத் தம் வாழ்வை அர்ப்பணித்தார். ஆண்பிள்ளைகளுக்கெனத் திருநெல்வேலியில் 1921இல் பரமேசுவரக் கல்லூரி எழுந்தது. அவ்வளாகத்திலே சிவன் கோயிலும் அமைந்தது. கல்லூரிகளின் பராமரிப்புக்குத் தம் உடைமைகளை அவர் ஒதுக்கி வைத்தார். பரமேசுவரக் கல்லூரி இருந்த அந்த வளவிலேயே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. அதுவே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. ஒருவர் செலுத்திய நன்றிக்கடனின் நிழலிலே எத்தனை தலைமுறையினர் பட்டம் பெற்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நமது கடமை. நம் பழைய மாணவருள்ளும் அந்நிழலில் இளைப்பாறியவர் உளர்.

வசதியாக வாழ்பவனுக்கு இன்னுமொரு சோதனை உண்டு. அயலான் துன்புறும்போது, தன் கதவைச் சாத்திக்கொண்டு தான் தப்பினோமென்று மகிழ்தலே அது. 1915ஆம் ஆண்டிற் கலகம் மூண்டு, இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, சிங்கள மக்கள் பலர் கொடுந்தண்டனைக்கு ஆளாயினர். இராமநாதனுக்கு அப்போது வயது அறுபத்து நான்கு. துன்புற்றோர் அவர் இனத்தவருமல்லர்; சமயத்தவருமல்லர். பேசாதிருந்தால் அவரை எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் சபையிலே எழுந்து அரசாங்கத்தின் செயல்களை அஞ்சாது கண்டித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று நீதி வேண்டி வாதாடினார். அவர் திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே அவர் வண்டியை இழுத்துச் சென்றனர் என்பது நாடறிந்த செய்தி. தமக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பிறருக்குக் கேடயமாக்குதலும் நன்றியின் ஒரு வடிவமே என்று நாம் கருதுகின்றோம்.

அவர் செய்தன யாவும் இன்றைய நோக்கில் ஏற்கத்தக்கன என்று நாம் கூறவில்லை. டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்க விதந்துரைத்தபோது, அவர் அதனை எதிர்த்தார். கல்வியும் பொருளும் உடையாரே ஆளத்தக்கவர் என்ற பழைய எண்ணத்தினின்றும் அவர் விடுபட்டாரில்லை. பெண்களுக்குக் கல்லூரி தந்தவர் அவர்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்றது நம் நெஞ்சை உறுத்தவே செய்கின்றது. பெரியாரிடத்துக் குறை காணும்போது அதனை மறைத்தலும் பிழை. அக்குறை கொண்டு நிறைவை மறத்தலும் பிழை. ஆண்டவன் எல்லார்க்கும் பொதுவானவனாயின், அவனுக்குச் செலுத்தும் நன்றியும் எல்லாரையும் அணைத்துக்கொள்ளல் வேண்டும். அவர் விட்ட இடத்திலிருந்து அதனை விரித்துச் செல்லுதல் பின்வந்த நமது பொறுப்பாகும்.

1921இல் சேர் பட்டம் பெற்ற இராமநாதன், 1930ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி எழுபத்தொன்பதாம் வயதில் சிவபதமடைந்தார். தாம் கட்டிய பெண்கள் கல்லூரியின் வளவிலேயே அவர் சமாதி கொண்டார்.

அன்பார்ந்த மாணாக்கரே, உங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகின்றோம். பரீட்சைக்கு முன் செல்லும் கோயிலுக்குப் பெறுபேற்றின் பின்னும் ஒருமுறை செல்லுங்கள். அன்று எதையும் கேளாதீர்கள். உத்தியோகமும் வீடும் வாய்த்துள்ள பழைய மாணவரே, நமக்கும் அதே சொல். நமக்குக் கற்பித்த ஆசிரியர்களும், நம் பெயரறியாமலே நமக்காகப் பொருள் ஈந்த பெரியோரும் அந்நாளிற் செலுத்திய நன்றிக்கடனே நமது கல்வியாக வந்தது. இன்று நம் கை நிறைந்திருக்கின்றது. அது நிறைந்திருக்கும்போதே திறத்தல் வேண்டும். வெறுங்கையோடு இறைவனைத் தேடும் நாள் எவர்க்கும் வரலாம்; நிறைகையோடு தேடும் நாள் இதுவேயாகும்.